அழுத்தக் கையுறை

அழுத்தக் கையுறை என்பது மூட்டழற்சியால் கைகளில் உண்டாகும் வலி, வீக்கம், விறைப்பு ஆகியவற்றைத் தணிக்கும் நோக்கத்துடன் அணியப்படும், நீள்தன்மை கொண்ட துணியால் ஆன இறுக்கமான கையுறை ஆகும். இது மூட்டழற்சிக் கையுறை எனவும் அழைக்கப்படுகிறது. முடக்கு வாதம், கை மூட்டுத் தேய்மானம் ஆகிய நோய்களை உடையவர்களே இதனைப் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். இக்கையுறை கைக்கு மெல்லிய அழுத்தத்தையும் வெதுவெதுப்பையும் தருகிறது. அணிந்தவர்களுள் பலர் இதனால் ஆறுதல் கிடைப்பதாகக் கூறுகின்றனர். எனினும், இறுக்கமான கையுறை தளர்வான கையுறையைவிடக் கூடுதலாக வலியைக் குறைப்பதில்லை என்பது 2021 இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வொன்றின் முடிவாகும். அழுத்தக் கையுறை நோயைக் குணப்படுத்துவதோ மூட்டுச் சிதைவைத் தடுப்பதோ இல்லை.

பின்னணி

மனிதக் கையில், மணிக்கட்டையும் சேர்த்து, 27 எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலிலும் மூன்று மூட்டுகள் உண்டு. அவை விரல் உள்ளங்கையுடன் சேரும் அடி மூட்டு, நடு மூட்டு, நகத்தை அடுத்த நுனி மூட்டு என்பனவாகும். எந்த மூட்டு பாதிக்கப்பட்டுள்ளது என்பது நோயை இனங்காண உதவும்.

முடக்கு வாதம் ஒரு தன்னெதிர்ப்பு நோய் ஆகும். அதாவது, உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வையே அயற்பொருளாகக் கருதித் தாக்குகிறது. சவ்வு தடித்து, நீர் கோத்து, நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. விரல்களின் அடி மூட்டுகள், நடு மூட்டுகள், மணிக்கட்டு ஆகியவை பொதுவாக இரு கைகளிலும் ஒத்தவாறு பாதிக்கப்படும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க இயலாத விறைப்பு அரை மணி நேரத்திற்கும் மேலாக, சிலருக்குப் பல மணி நேரம் வரை, நீடிக்கும்.

மூட்டுத் தேய்மானம் வயது, மரபு, பழைய காயம், கைக்கு நேரும் மிகையான பளு போன்றவற்றுடன் தொடர்புடையது. இது நுனி மூட்டுகளையும் நடு மூட்டுகளையும் கட்டைவிரலின் அடி மூட்டையும் அதிகமாகத் தாக்குகிறது. நுனி மூட்டுகளில் தோன்றும் கடினமான புடைப்புகள், ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் (1710–1801) நினைவாக ஹெபர்டன் கணுக்கள் என்றும், நடு மூட்டுகளில் தோன்றுபவை பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் புஷாரின் (1837–1915) நினைவாக புஷார் கணுக்கள் என்றும் வழங்கப்படுகின்றன. இந்நோயில் காலை விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடும்.

இவ்விரண்டும் அல்லாமல் யூரிக் அமில மிகுதியால் வரும் கௌட், சொரியாசிஸ் தோல் நோயுடன் வரும் மூட்டழற்சி, சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டுவலி ஆகியவையும் கைகளைத் தாக்கக்கூடும். 2006 இல் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் நின்ற பின்னரும் மாதக்கணக்கில் கை மூட்டுவலியால் அவதியுற்றோர் பலர். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரியும் இவ்வலிகளின் காரணங்கள் வேறு, மருத்துவமும் வேறு.

அமைப்பும் வகைகளும்

பெரும்பாலான அழுத்தக் கையுறைகள் நைலான் அல்லது பருத்தி இழையுடன் ஸ்பான்டெக்ஸ் இழை கலந்த துணியால் செய்யப்படுகின்றன. ஸ்பான்டெக்ஸ், இழுத்தால் தன் நீளத்தைப்போல் பல மடங்கு நீண்டு, விட்டவுடன் பழைய நீளத்திற்குத் திரும்பும் செயற்கை இழை. இதனை ஐக்கிய அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958 இல் உருவாக்கினார். லைக்ரா என்பது இவ்விழையின் புகழ்பெற்ற வணிகப் பெயர்.

வடிவத்தைப் பொறுத்துக் கையுறைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

- முழுவிரல் கையுறை: விரல் நுனி வரை மூடும். பெரும்பாலும் உறக்கத்தின்போது அணியப்படுகிறது.
- திறந்த நுனிக் கையுறை: விரல் நுனிகள் வெளியே தெரியும். எழுதுதல், தட்டச்சு செய்தல் போன்ற பகல்நேர வேலைகளுக்கு ஏற்றது. விரல் நுனியின் நிறத்தைக் கண்காணிக்கவும் இது வசதியானது.
- மணிக்கட்டுப் பட்டையுடன் கூடிய கையுறை: மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பட்டை கொண்டது.
- வெப்பங்காப்புக் கையுறை: நியோப்ரீன் அல்லது கம்பளி போன்ற பொருளால் ஆனது. இதில் அழுத்தத்தைவிட வெதுவெதுப்பே முதன்மையானது.

சில கையுறைகளின் தையல் உட்புறம் அமையாமல் வெளிப்புறம் அமைந்திருக்கும். வீங்கிய மூட்டின் மேல் தையல் உராய்ந்து புண்ணாகாமல் இருக்கவே இவ்வாறு செய்யப்படுகிறது.

செயற்படும் விதம்

அழுத்தக் கையுறையின் பயனுக்கு மூன்று விளக்கங்கள் தரப்படுகின்றன.

முதலாவது, அழுத்தம். அழற்சியின்போது நுண்குழல்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. இதனால் விரல்கள் உப்பி, மடக்கக் கடினமாகின்றன. இரவில் கை அசையாமல் இருப்பதால் இத்தேக்கம் கூடுகிறது. வெளியிலிருந்து தரப்படும் மெல்லிய அழுத்தம், தேங்கிய நீர் மீண்டும் சிரைகளுக்கும் நிணநீர்க் குழல்களுக்கும் செல்ல உதவும் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

அழுத்தத்தின் அளவு மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. எனினும், ஒரே கையுறை கையின் எல்லா இடங்களிலும் ஒரே அழுத்தத்தைத் தருவதில்லை. பிரெஞ்சு அறிவியலாளர் லாப்லாசின் (1749–1827) பெயரால் வழங்கும் விதிப்படி, உருளை வடிவப் பொருளைச் சுற்றியுள்ள துணி தரும் அழுத்தம், துணியின் இழுவிசைக்கு நேர் விகிதத்திலும், உருளையின் ஆரத்திற்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள விரலிலும் 27 மில்லிமீட்டர் ஆரமுள்ள மணிக்கட்டிலும் துணியின் இழுவிசை சமமாக இருக்குமானால், விரலின் மீதான அழுத்தம் மணிக்கட்டின் மீதான அழுத்தத்தைப்போல் மூன்று மடங்காகும். ஏறக்குறைய தட்டையாக உள்ள புறங்கையில் அழுத்தம் குறைவு. குழிந்த உள்ளங்கையில் துணி தோலைத் தொடாமலே இருக்கக்கூடும். மெலிந்த விரல்களை உடையவருக்கு ஒரு கையுறை மிகவும் இறுக்கமாகத் தோன்றுவதற்கும், அதே கையுறை மற்றொருவருக்கு இதமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது, வெப்பம். துணி தோலின் சூட்டை வெளியேறவிடாமல் காக்கிறது. வெதுவெதுப்பில் தசைகளும் தசைநாண்களும் தளர்வதால் விறைப்பு குறைவதாக உணரப்படுகிறது. வெந்நீரில் கையை அமிழ்த்துவதும், உருக்கிய பாரஃபின் மெழுகில் கையைத் தோய்த்தெடுப்பதும் இதே அடிப்படையில் அமைந்த பழைய முறைகள் ஆகும்.

மூன்றாவது, தொடு உணர்வும் எதிர்பார்ப்பும். தோலில் இடைவிடாது படும் மென்தொடுகை வலியுணர்வை ஓரளவு மறைக்கக்கூடும். அடிபட்ட இடத்தை நாம் இயல்பாகவே தேய்த்து விடுவதும் இதன்பாற்பட்டதே. கையுறை அணிந்துள்ள உணர்வு, கையைக் கவனத்துடன் பயன்படுத்த நினைவூட்டவும் செய்கிறது. இவற்றுடன், மருத்துவம் பெறுகிறோம் என்ற எதிர்பார்ப்பினால் கிடைக்கும் மருந்துப்போலி விளைவும் சேர்ந்துகொள்கிறது.

வரலாறு

உடலுறுப்புகளைத் துணியால் இறுகக் கட்டி வீக்கத்தைக் குறைப்பது மிகப் பழைய வழக்கம். அளவிட்ட அழுத்தம் தரும் ஆடைகள் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தோன்றின. செருமனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் கான்ராட் ஜாப்ஸ்ட், கால் சிரை நோயால் தாமே துன்புற்றவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால் வலி குறைவதைக் கண்ட அவர், ஆழத்திற்கேற்ப நீரின் அழுத்தம் கூடுவதே இதற்குக் காரணம் என உணர்ந்தார். கணுக்காலில் மிகுந்தும் மேலே செல்லச் செல்லக் குறைந்தும் அழுத்தம் தரும் காலுறையை அவர் 1950 அளவில் உருவாக்கினார். 1970களில் தீக்காயத் தழும்புகள் தடிப்பதைத் தடுக்க அழுத்த ஆடைகளும் கையுறைகளும் பயன்பாட்டுக்கு வந்தன.

மூட்டழற்சிக்கு நீள்துணிக் கையுறையைப் பயன்படுத்துவது குறித்து 1971 இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எர்லிக்கும் டிபியரோவும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இரவில் கையுறை அணிவதன் மூலம் காலை விறைப்பைக் குறைத்தல் என்பதே அதன் பொருள். பின்னர் 1974, 1979, 1990, 1992 ஆகிய ஆண்டுகளிலும் இது குறித்த சிறு ஆய்வுகள் வெளிவந்தன. தொடக்கத்தில் நாகரிக அணிகலனாக விற்கப்பட்ட ஐசோடோனர் என்னும் வணிகப் பெயர் கொண்ட கையுறைகள், நாளடைவில் மருத்துவமனைகளின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளுக்கு வழங்கப்படலாயின.

ஆய்வு முடிவுகள்

கையுறை அணிந்தபின் வலி குறைந்தது என்பதனால் மட்டும் கையுறையே அதற்குக் காரணம் என்று கொள்ள இயலாது. மூட்டழற்சி வலி இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மையுடையது. வலி மிகுந்திருக்கும் நாளில்தான் ஒருவர் கையுறையை வாங்குகிறார். அதன்பின் எதுவும் செய்யாவிடினும் வலி சற்றுத் தணிந்திருக்கக்கூடும். எனவே அழுத்தம் இல்லாத கையுறை ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது தேவையாகிறது.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் ஹாமண்டும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2016 இல் வெளியிட்டனர். ஆய்வுகள் சிலவே, அவற்றில் பங்கேற்றோரும் மிகச் சிலரே. வலி, விறைப்பு ஆகியவற்றில் அழுத்தக் கையுறை மற்றக் கையுறையைவிடச் சிறந்தது என்று உறுதியாகக் கூற அச்சான்றுகள் போதவில்லை.

இதனைத் தொடர்ந்து இதே குழுவினர் ஐக்கிய இராச்சியத்தில் ஒரு பெரிய ஆய்வை நடத்தினர். முடக்கு வாதம் அல்லது அதை ஒத்த அழற்சி மூட்டு நோயால் கைவலி உடைய 206 பேர், குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவிற்கு அழுத்தக் கையுறையும், மற்றொரு குழுவிற்கு அழுத்தம் தராத தளர்வான கையுறையும் வழங்கப்பட்டன. 12 வாரங்களுக்குப் பின், கையைப் பயன்படுத்தும்போது உண்டாகும் வலி 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் மதிப்பிடப்பட்டது. இரு குழுவினருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தது. விறைப்பிலும் கையின் செயற்பாட்டிலும்கூடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அழுத்தக் கையுறை மருத்துவப் பயனிலும் செலவுக்கேற்ற பலனிலும் மேம்பட்டதன்று என்ற முடிவுடன் இவ்வாய்வு 2021 இல் வெளியிடப்பட்டது.

இம்முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கையுறை அணிந்தவர்கள் உணர்ந்த ஆறுதல் பொய் என்பது இதன் பொருளன்று. அந்த ஆறுதலுக்கு இறுக்கம் தேவையில்லை என்பதே இதன் பொருள். வெதுவெதுப்பு, மென்தொடுகை, எதிர்பார்ப்பு ஆகியவை தளர்வான கையுறையிலும் கிடைக்கின்றன. ஆகவே இறுக்கத்தைத் தாங்க முடியாதவர், தளர்வான மலிவான கையுறையை அணிவதால் எதையும் இழந்துவிடுவதில்லை.

கை மூட்டுத் தேய்மானத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க மூட்டு நோயியல் கல்லூரி 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கட்டைவிரல் அடி மூட்டுக்கான தாங்கு பட்டையை வலுவாகப் பரிந்துரைக்கிறது. கையுறைகள் வெதுவெதுப்பையும் அழுத்தத்தையும் தந்து பயனளிக்கக்கூடும் என்ற அளவில் மட்டுமே அவ்வழிகாட்டுதலில் குறிப்பிடப்படுகின்றன.

செம்பு, காந்தக் கையுறைகள்

செம்பு இழை கலந்த கையுறைகளும் காந்தம் பதித்த கையுறைகளும் சந்தையில் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. செம்பு தோல் வழியே ஊடுருவி மூட்டைக் குணப்படுத்தும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடக்கு வாதம் உடைய 70 பேரிடம் செம்பு வளையல்களையும் காந்த மணிக்கட்டுப் பட்டைகளையும் சோதித்து 2013 இல் முடிவுகளை வெளியிட்டனர். வலி, வீக்கம், நோயின் போக்கு ஆகிய எதிலும் மருந்துப்போலியைவிட மேலான பயன் காணப்படவில்லை.

செம்பு கலந்த அழுத்த ஆடைகளை விற்ற டாமி காப்பர் என்ற அமெரிக்க நிறுவனம், மூட்டழற்சி முதலிய நோய்களின் கடும் வலியைப் போக்கும் என ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2015 இல் அந்நிறுவனம் 13.5 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அளவும் அணியும் முறையும்

கையுறையின் அளவைத் தேர்வதற்குக் கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடி மூட்டுகளைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். அளவு அட்டவணை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். இரு அளவுகளுக்கு இடையே ஐயம் வந்தால் பெரியதைத் தேர்வது நன்று.

- அணியுமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.
- முதல் சில நாட்கள் பகலில், விழித்திருக்கும்போது, ஓரிரு மணி நேரம் மட்டும் அணிந்து பார்க்க வேண்டும். தொல்லை இல்லையெனில் இரவில் அணியலாம்.
- அணிந்தபின் ஒரு விரல் நகத்தை அழுத்தி விட வேண்டும். வெளுத்த நகம் இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதமானால் கையுறை மிக இறுக்கமானது என்று பொருள்.
- மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, விரல் நீலம் பாய்தல், விரல் நுனி வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே கழற்றிவிட வேண்டும்.
- தீயின் அருகில் நைலான் கையுறையுடன் வேலை செய்யக்கூடாது. நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சுழலும் எந்திரங்களின் அருகிலும் அணியக்கூடாது.
- மிதமான சோப்பு நீரில் கையால் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். கொதிநீரும் வெளுப்புத் தூளும் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கெடுத்துவிடும்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் கையுறைக்குள் வியர்வை தேங்கி விரலிடுக்குகளில் பூஞ்சைத் தொற்று உண்டாகக்கூடும். கையை நன்கு உலர்த்திய பின் அணிவதும், நாள்தோறும் துவைத்த கையுறையைப் பயன்படுத்துவதும் இதனைத் தவிர்க்க உதவும்.

தவிர்க்க வேண்டியோர்

பின்வரும் நிலைகளில் மருத்துவரின் ஆலோசனையின்றி அழுத்தக் கையுறை அணிதல் தகாது:

- நீரிழிவு முதலியவற்றால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள். இறுக்கம் மிகுந்தாலும் இவர்களால் உணர இயலாது.
- கைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள்.
- மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டனல் நோய் உடையவர்கள்.
- கையில் புண், தோல் தொற்று, துணி ஒவ்வாமை உடையவர்கள்.
- திடீரெனச் சிவந்து, சூடாகி, கடுமையாக வலிக்கும் ஒற்றை மூட்டு உடையவர்கள். இது மூட்டுக்குள் ஏற்பட்ட சீழ்த்தொற்றாக இருக்கக்கூடும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவத்தில் இதன் இடம்

அழுத்தக் கையுறையால் நேரக்கூடிய பெருந்தீங்கு கையுறையில் இல்லை. அது ஏற்படுத்தும் தாமதத்தில் உள்ளது. முடக்கு வாதத்தில் மூட்டின் அரிப்பு நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடக்கூடும். அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளை உரிய காலத்தில் தொடங்கினால் இச்சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். மூட்டு வீக்கம் உள்ளவர்கள் ஆறு வாரங்களுக்குள் மூட்டு நோயியல் வல்லுநரைக் காண வேண்டும் என்றும், நீடித்த மூட்டழற்சியாக மாறும் வாய்ப்புள்ளவர்களுக்கு மூன்று மாதங்களுக்குள் இம்மருந்துகள் தொடங்கப்பட வேண்டும் என்றும் ஐரோப்பிய மூட்டு நோயியல் கூட்டமைப்பு 2016 இல் பரிந்துரைத்தது. கையுறை தரும் தற்காலிக இதத்தை நம்பி ஓராண்டைக் கழிப்பவர், திரும்பப் பெற இயலாத ஓராண்டை இழக்கிறார்.

கையுறையைவிட உறுதியான சான்று உடையது கைப்பயிற்சி. ஐக்கிய இராச்சியத்தில் முடக்கு வாதம் உடைய 490 பேரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான சாரா ஆய்வில், கைகளை வலுப்படுத்தவும் நீட்டி மடக்கவும் கற்றுத்தரும் பயிற்சித் திட்டம், ஓராண்டுக்குப் பின்னும் கையின் செயற்பாட்டை மேம்படுத்தியிருந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இயன்முறை மருத்துவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம்.

மூட்டுக்குப் பளு சேராமல் வேலை செய்யும் பழக்கமும் பயன் தரும். ஈரத்துணியைக் கையால் முறுக்காமல் குழாயில் சுற்றிப் பிழிதல், பாத்திரத்தை விரல்களால் தூக்காமல் இரு உள்ளங்கைகளாலும் ஏந்துதல், பையை விரல்களில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுதல், எழுதுகோலுக்கும் கரண்டிப் பிடிக்கும் துணி சுற்றித் தடிப்பாக்குதல் என்பன எடுத்துக்காட்டுகள் ஆகும்.

மருந்து, பயிற்சி, பழக்க மாற்றம் ஆகியவற்றுடன் சேர்த்து, விரும்புவோர் கையுறையையும் அணியலாம். இரண்டு அல்லது மூன்று வாரங்கள் அணிந்தும் ஆறுதல் தெரியாவிடில் அதனைக் கைவிடுவதில் இழப்பு ஏதுமில்லை.

இக்கட்டுரை பொது அறிவுக்கானது. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றானது அன்று.

இவற்றையும் பார்க்கவும்

- மூட்டழற்சி
- முடக்கு வாதம்
- இயன்முறை மருத்துவம்
- மருந்துப்போலி
- லாப்லாஸ் விதி